“யாரில்லை?” என்று கேட்ட ராபியா அக்கா

அன்று காலை விடுதிச் சாப்பாட்டுக்கூடத்தில் எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது. எல்லாரும் கைரேகை வைத்துவிட்டார்கள் என்று இயந்திரம் பச்சை விளக்குக் காட்டியது. ஆனாலும் யாரோ ஒருவர் இல்லை என்றே எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. இரண்டு முறை எண்ணினேன். மூன்றாவது முறை எண்ண ஆரம்பித்ததும் பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்தார்கள். வார்டனுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். அந்த நேரத்தில்தான் சேலத்திலிருந்து ராபியா அக்காவின் தங்கை மகள் ஷம்ஷாத் போனில் கூப்பிட்டாள். பெரியம்மா மவுத்தாகிவிட்டார்கள், சாயங்காலம் அடக்கம் என்றாள். அழுகை வரவில்லை. அப்பாடா, அந்த ஒருவர் யாரென்று தெரிந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக இன்னமும் எனக்கு என்மேல் கோபம் தீரவில்லை.

புதுச்சத்திரத்துக்கு உள்ளே தள்ளி இருந்த நம் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு ராபியா அக்காவைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சேலத்தில் ஜவுளி வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர். மதிப்பெண்ணுக்குப் பேர்போன எங்கள் பக்கத்தில் வந்து, பரீட்சை இல்லாத, பிரம்பு இல்லாத, மணிகூட அடிக்காத ஒரு பள்ளியை நடத்தினார். டீச்சர் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார். அக்காதான். எங்கள் ஊர்ப் பேச்சு அவருக்கும் ஒட்டிக்கொண்டு, எங்களையெல்லாம் ‘சாமி’ என்றுதான் கூப்பிடுவார். அவர் வீட்டார் அதைச் சொல்லிச் சொல்லிக் கிண்டல் செய்வார்களாம். பள்ளி மூடிப் பல வருஷம் ஆகிறது. அந்த இடத்தில் இப்போது கோழிப்பண்ணை இருக்கிறது.

அந்தப் பள்ளியில் வருகைப் பதிவேடு கிடையாது. காலையில் எல்லாரும் அவரவர் பனையோலைத் தடுக்கைப் போட்டு வட்டமாக உட்காருவோம். வராத பிள்ளையின் தடுக்கையும் அதன் இடத்தில் விரித்துவிடுவோம். அக்கா கேட்பார்: “யாரில்லை?” பெயரைச் சொல்ல வேண்டும். ஏன் வரவில்லை என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும். அடுத்து, “வந்திருந்தா இப்ப என்ன பண்ணிட்டிருக்கும்?” என்று கேட்பார். என் சடையை இழுத்துக்கிட்டிருக்கும், புளியங்கொட்டை மென்னுக்கிட்டிருக்கும் என்று ஆளாளுக்குச் சொல்வோம். சொல்லச் சொல்ல எல்லார் கண்ணும் அந்த வெறுந்தடுக்கின் மேலேயே இருக்கும். சில நாள் எனக்கு அதைப் பார்க்கவே பயமாக இருக்கும். அக்கா சொல்வார்: “வந்தவங்கள எண்ண நோட்டு போதும். வராதவங்கள எண்ணத்தான் மனுஷங்க வேணும்.”

இது எங்களை விட்டுப் போகவே இல்லை. என்னோடு படித்த சென்னியப்பன் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி ஓட்டி வடநாடெல்லாம் சுற்றுகிறவன். வண்டியைக் கிளப்புமுன் ‘யாரில்லை’ என்று கேட்காமல் அவனுக்குச் சாவி திருகாது. அவனிடம் வேலை செய்கிற இந்திக்காரப் பையன்களுக்குத் தமிழில் தெரிந்த ஒரே வார்த்தை அதுதான். ஒருநாள் அப்படிக் கேட்டபோது ஒருவன் குறைந்தான். தேடினால் பின்சக்கரத்துக்கு அடியில் நிழலில் படுத்துத் தூங்கிக்கொண்டிருக்கிறான். அன்றிலிருந்து கண்ணை மூடினால் அந்தச் சக்கரந்தான் வருகிறது என்று சென்னியப்பன் என்னிடம் சொன்னான். அவனுக்காவது உண்மையான பதில் கிடைத்தது.

நான் சொன்ன பதிலைப் பற்றி இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எங்களுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது. பள்ளிக்கு ஓடிக்கொண்டிருந்தேன். மெயின்ரோட்டு பஸ் ஸ்டாப்பில் எங்களோடு படித்த தங்கமணி நின்றுகொண்டிருந்தாள். புதுப் பாவாடை, கையில் துணி மூட்டை, பக்கத்தில் யாரோ ஒரு அம்மாள். என்னைப் பார்த்ததும் கையை ஆட்டிக் கூப்பிட்டாள். அன்று கதை சொல்லும் முறை என்னுடையது. நேரமாகிவிட்டது என்று நான் நிற்கவில்லை. வட்டத்தில் அக்கா யாரில்லை என்று கேட்டார். பார்த்தேன் என்று சொன்னால் ஏன் நிற்கவில்லை என்று கேட்பாரே! “தங்கமணிக்குக் காச்சலுங்க்கா. போத்திக்கிட்டுப் படுத்திருக்குது” என்று என் வாய் சொல்லிவிட்டது. “நீ பாத்தியா சாமி?” என்றார் அக்கா. தலையை ஆட்டினேன்.

காரணம் தெரியாமல் ஒரு பிள்ளை வரவில்லை என்றால் பத்து மணிக்குள் அக்காவின் மொபெட் அந்த வீட்டு வாசலில் நிற்கும். அன்று நிற்கவில்லை. ஓய்வெடுக்கட்டும் என்று விட்டுவிட்டு மூன்றாம் நாள் ரொட்டியும் காய்ச்சல் மாத்திரையும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். வீடு பூட்டிக் கிடந்தது. யாரோ நூல்மில் வேலைக்கென்று பெண்ணைக் கூட்டிப் போனதாகவும், அப்பனும் ஆத்தாளும் செங்கல்சூளைக்குப் போய்விட்டதாகவும் அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். எந்த மில், எந்த ஊர் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அக்கா மில் மில்லாக அலைந்தார். தங்கமணி கிடைக்கவில்லை. என்னை அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நீல ஓரம் தைத்த அவள் தடுக்கு மட்டும் தினமும் விரிக்கப்பட்டது. ‘வந்திருந்தா இப்ப என்ன பண்ணிட்டிருக்கும்?’ என்று அக்கா கேட்க, நாங்கள் சொல்லிக்கொண்டே வந்தோம். வகுத்தல் கணக்கு முடித்திருப்பாள் என்றோம். அடுத்த வருஷம் என்னைவிட உயரமாகியிருப்பாள் என்றோம். எட்டாவது முடிக்கும்போது, அவளுக்கு இப்போது தாவணி என்று ஒருத்தி சொன்னாள், மஞ்சள் தாவணி என்றாள் இன்னொருத்தி. யாரும் மறுக்கவில்லை. எல்லாருக்கும் அந்த மஞ்சள் தெரிந்தது. அந்தத் தடுக்கில் அவள் எங்களோடு வளர்ந்தாள். எனக்கு மட்டும் அவள் கையை ஆட்டிக்கொண்டே வளர்ந்தாள்.

நான் சேலம் போய்ச் சேர்ந்தபோது ஆண்கள் கபரஸ்தானுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ஷம்ஷாத் என்னை உள்ளறைக்குக் கூட்டிப் போனாள். கடைசி ஒரு வருஷம் அக்காவுக்கு ஞாபகமெல்லாம் போய்விட்டது. அவளைக்கூட அடையாளம் தெரியவில்லையாம். ஆனால் தினமும் காலையில் ஒரு தடுக்கை விரித்து, எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, யாரில்லை என்று கேட்பாராம். பிறகு எழுந்து வந்து அந்தத் தடுக்கில் உட்கார்ந்து அவரே பதில் சொல்வாராம். ஷம்ஷாத் தடுக்கை எடுத்துக் காட்டினாள். ஓலை புதியது, ஓரம் அதே நீலத்துணி. நடுவில் உட்கார்ந்து உட்கார்ந்து பள்ளம் விழுந்திருந்தது.

“என்ன பதில் சொல்வாங்க?” என்று கேட்டேன்.

“தங்கமணிக்குக் காச்சலுங்க்கா, போத்திக்கிட்டுப் படுத்திருக்குதுன்னு. சின்னப் புள்ளைக் கொரல்ல” என்றாள். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “இப்ப நீங்க பேசுறப்பத்தான் தெரியுது. உங்க கொரலுங்க அது.”

அதோடு முடியவில்லை. மறுபடி நாற்காலிக்குப் போய், “நீ பாத்தியா சாமி?” என்று கேட்பாராம். அதற்குப் பதில் சொல்ல மட்டும் தடுக்குக்கு வரமாட்டாராம். சோறு ஆறும்வரை வெறுந்தடுக்கைப் பார்த்துக்கொண்டே காத்திருப்பாராம்.

அடக்கம் முடிந்து ஆண்கள் திரும்பிய பிறகு மொட்டைமாடியில் நாங்கள் பழைய மாணவர்கள் இருபது பேர் இருந்தோம். யாரும் சொல்லவில்லை, பார்த்தால் வட்டமாக உட்கார்ந்திருக்கிறோம். வட்டத்தில் ஓர் இடம் தானாகவே விட்டுப்போயிருந்தது. சென்னியப்பன்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டான், யாரில்லை என்று. ‘அக்கா’ என்று எல்லாரும் சொல்வோம் என்றுதான் நினைத்தேன். “தங்கமணி” என்றார்கள். இருபது வாயும் ஒன்றாகச் சொல்லிற்று. அதில் என் வாயும் இருந்தது.

எழுந்து போய் அந்த நீல ஓரத் தடுக்கைக் கொண்டுவந்து காலியிடத்தில் விரித்து, அதன்மேல் நானே உட்கார்ந்தேன். பள்ளம் எனக்கு அளவெடுத்தது போல இருந்தது.

“பாத்தேனுங்க்கா” என்றேன். “காச்சலில்லை. பஸ் ஸ்டாப்புல நின்னுது. என்னைக் கூப்பிட்டுது. நான் நிக்கலீங்க்கா.”

சென்னியப்பன் எழுந்து கைப்பிடிச் சுவர்ப் பக்கம் போய் நின்றுகொண்டான். தங்கமணியைத் தேடி அக்காவின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து மில்களுக்கெல்லாம் போனவன் அவன். கிளம்பும்போதும் அவன் என்னிடம் பேசவில்லை. பேச வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

ஷம்ஷாத்திடம் கேட்டு அந்தத் தடுக்கை நான் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். அதோடு ‘நீ பாத்தியா சாமி?’ என்ற அக்காவின் கேள்வியையும். ‘யாரில்லை?’ என்ற கேள்வியை எல்லாரும் எடுத்துக்கொண்டோம், அது எங்களைக் காப்பாற்றியும் இருக்கிறது. இதை மட்டும் அவர் எனக்கென்றே வைத்திருந்தார்.

மறுநாள் காலை விடுதியில் இயந்திரம் ஒன்று குறைவு என்று காட்டியது. யாரில்லை என்று கேட்டேன். பிள்ளைகள் விழித்தார்கள். பிறகு ஒருத்தி எழுந்து பெயரைச் சொல்லி, “அவளுக்குக் காய்ச்சல் மேடம், போர்த்திக்கிட்டுப் படுத்திருக்கா” என்றாள்.

“நீ பாத்தியா சாமி?” என்றேன். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் படியேறிக்கொண்டிருந்தேன். மூன்றாம் மாடி, கடைசி அறை. போர்வைக்குள் ஆள் இருந்தாள். நெற்றியில் கை வைத்தேன். கொதித்தது. நிஜமாகவே காய்ச்சல்தான். கையை எடுக்கவே எனக்கு மனம் வரவில்லை.