இடப்பக்கம் திரும்பிய கழுத்துகள்

பத்திர நகல் எழுதும் தொழிலில் பேனா முள் தேய்வதற்கு முன்பே கழுத்து தேய்ந்துவிடும். இதை வாசிக்கிற நீங்களும் ஏதாவது ஓர் ஆபீஸில் குனிந்து உட்கார்ந்திருப்பவர் என்றால், இந்த வரியைப் படிக்கும்போதே கை பிடரிக்குப் போயிருக்கும். போகட்டும். தடவிக்கொண்டே படியுங்கள்.

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். கீழே வரும் கழுத்துப் பயிற்சி எங்கள் ஆபீஸுக்கு வந்துசேர்ந்த கதையை நான் பல வருஷங்களாக நம்பவில்லை. நம்பாத கதையை வைத்துக்கொண்டு இன்னொருவர் கழுத்தையும் அவர் உத்தியோகத்தையும் பணயம் வைத்தேனே, அது சரிதானா என்று இன்றைக்கும் என்னை நானே கேட்டுக்கொள்கிறேன். நல்லபடியாக முடிந்தது என்பதால் மட்டும் ஒரு காரியம் சரியாகிவிடுமா?

கெட்டியான ஆள்

யுத்தம் நடந்துகொண்டிருந்த நேரம். திருத்தணி மலை தெரியும் தூரத்தில் எங்கள் பதிவு ஆபீஸ். பழைய பியூன் ஓய்வு பெற்றதும் அந்த இடத்துக்கு நான்கு பேர் வந்து நின்றார்கள். ஹெட் குமாஸ்தா என்ற முறையில் ஆளைப் பார்த்துச் சொல்ல வேண்டியவன் நான். பத்திரங்களை நகலெடுத்து வைக்கும் எங்கள் வால்யூம்கள் ஒவ்வொன்றும் அரை மூட்டை நெல் கனம் இருக்கும். அவற்றை ரிகார்டு ரூமிலிருந்து தூக்கி வருவதுதான் பியூனுக்கு முக்கிய வேலை. முதுகும் கழுத்தும் கெட்டியாக இருக்கிறவர்கள் மட்டும் நிற்கலாம், மற்றவர்கள் போகலாம் என்றேன். இரண்டு பேர் போய்விட்டார்கள். நின்ற இருவரில் ஒருவன் கன்னையா. கே.ஜி.கண்டிகைக்காரன், முப்பது வயது இருக்கும். பட்டாளத்து ஆஸ்பத்திரியில் வார்டு வேலை பார்த்ததாகச் சொன்னான். யுத்தம் முடியாமல் எப்படித் திரும்பினாய் என்று கேட்டதற்கு, அங்கே ஆள் அதிகமாகிவிட்டது, அனுப்பிவிட்டார்கள் என்றான். அவனையே எடுத்துக்கொண்டோம்.

நம் பக்கத்தில் எந்தச் சுமையானாலும் சும்மாடு வைத்துத் தலையில்தான் தூக்குவார்கள். கன்னையா வால்யூமைக் குழந்தையைத் தூக்குவதுபோல் மார்போடு அணைத்துக்கொண்டு வந்தான். இது என்ன பழக்கம் என்று கேட்டேன். உடம்பு முழுவதையும் என் பக்கம் திருப்பி நின்றுகொண்டு அவன் சொன்னது: "பட்டாளத்துல தலமேல தூக்கினா சிரிப்பாங்க ஐயா. அப்பிடியே பழகிகினேன்."

இரண்டு பக்கமும் கால்வாய்

எங்களிடம் நகல் எழுதியவர் வரதராஜுலு. நாற்பத்தைந்து வயது. தமிழ்ப் பத்திரமானாலும் தெலுங்குப் பத்திரமானாலும் ஒரே வேகத்தில் ஓடும் கை. மூலப் பத்திரம் இடப்பக்கம் கிடக்கும், வால்யூம் வலப்பக்கம் விரிந்திருக்கும். ஒவ்வொரு வரிக்கும் தலை இடப்பக்கம் போய்த் திரும்பி வரவேண்டும். இருபத்திரண்டு வருஷம் அப்படிப் போய்வந்த தலை, அந்த வருஷம் போன இடத்திலேயே நின்றுவிட்டது. வலி தோளுக்கு இறங்கி, வலக்கைச் சுண்டுவிரல் மரத்துப்போயிற்று.

எழுதி முடித்த நகலை மூலத்தோடு ஒத்துப் பார்க்கும்போது ஒருவர் உரக்க வாசிப்பார், மற்றவர் நகலில் விரல் வைத்துத் தொடர்வார். கனகம்மாசத்திரத்து நஞ்சை ஒன்றுக்கு மேற்கெல்லை ஏரிக்கால்வாய் என்று ஒருநாள் வாசித்தேன். நகலில் மேற்கிலும் கால்வாய், கிழக்கிலும் கால்வாய். கழுத்தைத் திருப்பப் பயந்து, நான்கு எல்லைகளையும் ஒரே பார்வையில் மனதில் வாங்கிக்கொண்டு எழுதியிருக்கிறார் மனுஷர். இந்த மாதிரி அது மூன்றாவது தவறு. சப்-ரிஜிஸ்திரார் கெட்டவர் இல்லை, ஆனாலும் அவருக்கும் மேலே ஆள் உண்டு. ஆடி கழிந்ததும் ஜில்லா அதிகாரி தணிக்கைக்கு வருகிறார், அதற்குள் வரதராஜுலு வேலைக்குத் தகுதியா இல்லையா என்று எழுதிக்கொடுங்கள் என்று என்னிடம் சொல்லிவிட்டார். தகுதியில்லை என்று நான் எழுதினால் டாக்டர் பரிசோதனை, அதன் பிறகு வீடு. விஷயத்தைக் கேட்ட வரதராஜுலு பேனாவைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எழுதறத தவிர எனக்கு வேற ஒண்ணும் தெரியாதுண்ணா. மாடு ஓட்டணும்னாகூட கழுத்தத் திருப்பணும்."

வாசல்படி வரைக்கும்

அவர் முதலில் போனது சுளுக்கு எடுப்பவரிடம். அந்த ஆள் தலையை இரண்டு கையாலும் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கினாராம். சத்தம் எதிர்வீட்டுக்குக் கேட்டதாக வரதராஜுலுவே சொன்னார். மூன்று நாள் உலகத்தையே சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலாம் நாள் கன்னையா என்னிடம் வந்து, இனிமேல் அந்தக் கழுத்தை யாரும் முறுக்க விடாதீர்கள் என்றான். பட்டாளத்து ஆஸ்பத்திரியில் இப்படித்தான் குமாஸ்தாக்கள் வரிசையாக வந்து உட்காருவார்களாம். ஒரு வெள்ளைக்காரம்மா எண்ணெயும் இல்லாமல் மருந்தும் இல்லாமல் சரிசெய்வாளாம். இவன் வெந்நீர்ச் சட்டியோடு பக்கத்தில் நின்று பார்த்தானாம். முறையும் சொன்னான். நிமிர்ந்து உட்கார்ந்து மோவாயைப் பின்னால் இழுத்து ஐந்து எண்ணி விடவேண்டும். தலையை மெதுவாக ஒரு தோள்பக்கம், பிறகு மறு தோள்பக்கம் திருப்பவேண்டும். நெற்றியில் உள்ளங்கையை வைத்து, தலை முன்னால் தள்ள, கை விடாமல் தடுக்கவேண்டும், தலை அசையக்கூடாது. கடைசியாக இரண்டு தோள்பட்டைகளையும் பின்னால் சேர்த்து விடவேண்டும். தலை சுற்றினால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

எந்த ஊர் ஆஸ்பத்திரி என்று கேட்டேன். ராஞ்சி என்றான். அடுத்த வாரம் பேச்சுவாக்கில் பெங்களூர் என்றான். அன்றைக்கே எனக்குச் சந்தேகம் விழுந்துவிட்டது. இருந்தும் வரதராஜுலுவிடம், பட்டாளத்து டாக்டர்கள் கண்ட முறை, நான் விசாரித்துவிட்டேன் என்று சொன்னேன். விசாரிக்கவே இல்லை. அவர் என் வார்த்தையை நம்பித்தான் தொடங்கினார். முதல் நாள் வேகமாகத் திருப்பி முகம் சுளித்தவரைக் கன்னையா தடுத்துச் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: "வலியோட வாசல்படி வரைக்கும் போயிட்டு வந்துடணும் ஐயா. உள்ள நுழையக்கூடாது."

பாசஞ்சர் வந்தால் பயிற்சி

காலை மாலை செய்தால் மட்டும் போதாது, ஒரே இருப்பில் உட்காரவே கூடாது என்றான் கன்னையா. எங்கள் ஆபீஸில் இருந்த ஒரே கடிகாரம் சப்-ரிஜிஸ்திரார் தலைக்கு மேலே இருந்தது. அதைப் பார்க்கவும் கழுத்தைத் திருப்பவேண்டும். ஆகவே ரயிலை வைத்துக்கொண்டோம். ஸ்டேஷனில் வண்டி ஊதினால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நிற்பது, மோவாயை இழுப்பது, தலையைத் திருப்புவது, தோளைச் சேர்ப்பது. நானும் சேர்ந்துகொண்டேன், அவர் மட்டும் தனியாகச் செய்தால் வெட்கப்படுவார் என்று.

யுத்த காலத்து வண்டிகளை நம்பி உடம்பை வளர்க்க முடியாது என்பது பிறகுதான் தெரிந்தது. ஒரு நாள் காலை பத்தரை வண்டி வரவில்லை, பன்னிரண்டுக்கும் வரவில்லை. வரதராஜுலு ஒப்புக்கொண்ட விதியை மீறாத மனிதர். பிடரியைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்து கேட்டார்: "வண்டி மூணு மணி நேரம் லேட்டாம்ணா. அதுவரைக்கும் வலிச்சிகினே இருக்கணுமா?"

தலையாட்டும் ஆபீஸ்

திருவாலங்காட்டிலிருந்து ஒரு விவசாயி கிரயப் பத்திரம் பதிய வந்திருந்தார். அவர் பத்திரத்தை நீட்டிய நேரம் பார்த்து வண்டி ஊதிவிட்டது. வரதராஜுலு எழுந்து நின்று, மிகவும் நிதானமாகத் தலையை இடமும் வலமும் திருப்பினார். அவருக்குப் பின்னால் நானும் திருப்பினேன். விவசாயிக்கு முகம் வெளுத்துவிட்டது. பத்திரத்தில் ஏதோ கோளாறு, ஆபீஸ் முழுக்க வேண்டாம் என்கிறது என்று நினைத்துவிட்டார். உட்காரவைத்து மோர் வாங்கிக் கொடுத்துப் புரியவைத்தோம்.

பக்கத்தில் சாட்சிக்கு வந்திருந்த நெசவாளி ஒருவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் பிடரி வலிதான். போகும்போது முறையை ஒருதரம் சொல்லச்சொல்லிக் கேட்டுக்கொண்டு, வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார்: "நாங்க தறிக்குழியில உக்காந்து கால ஆட்றோம், நீங்க நாற்காலியில உக்காந்து தலைய ஆட்றீங்க. கூலி மட்டும் உங்களுக்கு மாசாமாசம் வந்துடுது."

எடுக்காத காவடி

ஆறு வாரத்தில் சுண்டுவிரலுக்கு உணர்வு திரும்பியது. கழுத்து பாதி வழி திரும்பியது. அப்போது ஆடிக் கிருத்திகை வந்தது. குணமானால் காவடி எடுக்கிறேன் என்று வரதராஜுலு மலைமேல் இருக்கிறவனிடம் முன்னமே வேண்டிக்கொண்டிருக்கிறார். கன்னையா கூடவே கூடாது என்றான். தோளில் கட்டை ஏறினால் இத்தனை நாள் பட்டதெல்லாம் வீண், தணிக்கைக்கு இன்னும் இரண்டு வாரம்தான் இருக்கிறது என்றான்.

நேர்த்திக்கடனைத் தடுத்த பாவம் எனக்கு வேண்டாம் என்று நான் விலகிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், பயம்தான். எடு என்று சொல்லிக் கழுத்து போனாலும் நான் காரணம்; எடுக்காதே என்று சொல்லி வேறு ஏதாவது நேர்ந்தாலும் நான் காரணம். முடிவு சொன்னவள் அவர் மனைவி ராஜம்மா. கிருத்திகைக்கு முதல் நாள் ஆபீஸ் வாசலுக்கே வந்து, அவரை வெறுங்கையோடு மலைப்படி ஏறி வரச்சொல்லிவிட்டேன், காவடி அடுத்த வருஷம் என்றாள். சாமி கோபித்துக்கொள்ளாதா என்று கேட்டேன். அவள் சொன்னது: "சாமி ஒரு வருசம் பொறுக்கும்ணா. உங்க ஆபீசுதான் பொறுக்காது."

பலகையின் நீளம்

தணிக்கை அதிகாரி வந்தார். நான் எழுத வேண்டிய அறிக்கை எழுதப்படாமல் மேசை இழுப்பறையில் கிடந்தது. இரண்டரை மாதம் இன்று நாளை என்று கடத்தியிருந்தேன். அது கருணையா, கையாலாகாத்தனமா என்று எனக்கே தெரியவில்லை. அதிகாரி வரதராஜுலுவின் வால்யூமைத் திறந்து கடைசித் தொண்ணூறு பக்கங்களைப் புரட்டினார். வரதராஜுலு கைகட்டி நின்றார். ரிகார்டு ரூம் வாசலில் கன்னையா நின்றான். இரண்டே திருத்தங்கள். எல்லைகளெல்லாம் அதனதன் திசையில் இருந்தன.

வால்யூமை மூடியவர் கண் வரதராஜுலு மேசைமேல் போயிற்று. மூலப் பத்திரம் இடப்பக்கம் படுத்திருக்காமல், கன்னையா பழைய பெட்டிப் பலகையில் செய்துகொடுத்த சாய்வில், கண்ணுக்கு நேரே நின்றுகொண்டிருந்தது. இது என்ன என்றார். கழுத்து விஷயத்தைச் சொன்னேன். அதிகாரி வரதராஜுலுவின் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். தம் பிடரியை ஒருமுறை தடவிக்கொண்டார். பிறகு சொன்னார்: "இதற்கு எந்த விதியிலும் இடமில்லை. பலகை எத்தனை அங்குலம்?"

வரதராஜுலு இப்போதும் எழுதுகிறார். அடுத்த ஆடியில் காவடியும் எடுத்தார்.

எறும்பு

யுத்தம் முடிந்து, சுதந்திரமும் வந்து, கன்னையாவின் ஆஸ்பத்திரி மட்டும் இடம் மாறிக்கொண்டே இருந்தது. ஒரு தடவை கப்பலில்கூட இருந்தது. வெள்ளைக்காரம்மா குட்டை என்பான், நெட்டை என்பான். எங்கேயோ கேட்டதைச் சொல்லி ஏமாற்றியிருக்கிறான், அதை நம்பி நான் ஒருவர் பிழைப்பில் விளையாடியிருக்கிறேன் என்ற எண்ணம் என்னை விடவில்லை. பலதரம் கூப்பிட்டுக் கேட்க நினைத்தேன். கேட்டு, பொய் என்று தெரிந்தால் என்ன செய்வது?

போன மாசம் என் கழுத்தே பிடித்துக்கொண்டது. ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருக்கும்போது. ஊருக்கெல்லாம் சொன்னவன் நடுவில் பயிற்சியை விட்டுவிட்டிருந்தேன். மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு கன்னையா பக்கத்தில் வந்து நின்று, மோவாயை இழுங்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தான். எண்ணி முடித்துத் தாழ்ந்த குரலில் சொன்னான்: "இப்ப தோள்லேருந்து எறும்பு ஊர்றாப்ல இறங்கும். ராத்திரிக்குத் தலைகாணிய எங்க வெச்சாலும் ஆவாது. மூணாம் நாள் ஒண்ணுமில்லாததுக்கு அழுவ வரும் ஐயா. வெக்கப்படாதீங்க."

வெந்நீர்ச் சட்டியோடு பக்கத்தில் நின்றவனுக்கு இது எப்படித் தெரியும்? நான் அவனைப் பார்த்தேன். தலைமேல் ஒருநாளும் சுமை ஏற்றாதவன். கூப்பிட்டால் கழுத்தைத் திருப்பாமல் உடம்போடு திரும்புகிறவன். யுத்தம் முடியும் முன்பே அனுப்பப்பட்டவன். அந்த வெள்ளைக்காரம்மா முன்னால் உட்கார்ந்திருந்தது குமாஸ்தாக்கள் மட்டுமில்லை, இவனும்தான். ஊரையும் ஆள் அடையாளத்தையும் மாற்றி மாற்றிச் சொன்னது, யாரும் எழுதி விசாரித்துவிடக்கூடாது என்றுதான். கழுத்து கெட்டியாக இருக்கிறவன் மட்டும் நிற்கலாம் என்று முதல் நாளே சொன்னவன் நான். நின்றவன் வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? இத்தனை வருஷம் அந்த வால்யூம்களை அவனைத் தூக்கவைத்தவனும் நான்தான்.

மூலத்தோடு ஒத்துப் பார்த்தேன் என்று ஆயிரக்கணக்கான பக்கங்களில் கையெழுத்துப் போட்டவன், என் எதிரிலேயே நின்ற மூலத்தை ஒருநாளும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

எந்த ஊர் ஆஸ்பத்திரி என்று நான் கேட்கவில்லை. நாற்காலியை அவன் பக்கம் நகர்த்தி வைத்து உட்காரச் சொல்லிவிட்டு, கேட்க வேண்டியதைக் கேட்டேன்: "இப்ப உனக்கு வலி எப்படி இருக்குது, கன்னையா?"