கலவை மிஷினுக்குள் ஒரு பகல்

சேலத்துப் பக்கம் ஒரு நூல் மில்லுக்குக் காங்கிரீட் தளம் போட்டவன் நான்தான். சரி, அது பொய். அந்தத் தளமே போட முடியாதபடி செய்யப் பார்த்தவன்தான் நான். மிஷினில் நிற்கப் புதிதாக வந்திருப்பவர்கள் கேட்பதால் சொல்கிறேன். எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் படித்தவர் ஒருவர் எழுதுகிறார். பிழை இருந்தால் அவருடையது.

எங்களுக்கு நாமக்கல் பக்கம் மானாவாரிக் காடு. மழை ஏமாற்றிய வருஷம், நானும் என் மனைவி செல்லாயியும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மில் கட்டுகிற இடத்துக்குக் கூலிக்குப் போனோம். எங்களைச் சேர்த்துவிட்டவர் எங்கள் ஊர் மேஸ்திரி, எனக்கு மாமா முறை. அதுவரை நான் பார்த்த கட்டிட வேலையெல்லாம் சுண்ணாம்புதான். மாடு சுற்றிச் சுற்றி வர, கல் உருளை சாந்தை அரைக்கும். சாயங்காலம் மிஞ்சியதை ஈரச் சாக்குப் போட்டு மூடுவோம். மறுநாள் வெண்ணெய் மாதிரி இருக்கும். மூட மறந்தவனுக்குத் திட்டு விழும்.

மில்லில் எல்லாமே வேறு. கூரைத் தளத்துக்குச் சவுக்குக் கட்டைகளை முட்டுக் கொடுத்து, மேலே பலகை பரப்பி, அதன்மேல் கம்பியைப் பாய் பின்னுகிற மாதிரிக் கட்டினார்கள். உத்திரம் எங்கே என்று தேடினேன். உத்திரமே கிடையாதாம். கீழே ஆயில் எஞ்சினில் ஓடுகிற ஒரு பெரிய இரும்பு டிரம். ஜல்லி, மணல், சிமெண்ட், தண்ணீர் உள்ளே போகும். கொஞ்ச நேரத்தில் கலவையாக வெளியே கவிழும். மாடு வேண்டாம், தீனி வேண்டாம். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றதைப் பார்த்து, மேஸ்திரி என்னையே அதற்குத் தண்ணீர் ஊற்ற விட்டார்.

ஒரு சாயங்காலம் தூண் போட்டு முடித்ததும், மிஷின்காரர் காய்ச்சல் என்று கிளம்பினார். "டிரம்மப் பாத்துக்கப்பா" என்றார். நன்றாகவே பார்த்துக்கொண்டேன். உள்ளே மிஞ்சிய கலவையை வீணாக்க மனம் வரவில்லை. டிரம்மின் வாயில் ஈரச் சாக்கைக் கட்டி, மேலே தண்ணீரும் தெளித்தேன். செல்லாயியைக் கூப்பிட்டுக் காட்டவும் செய்தேன்.

காலையில் சாக்கை எடுத்துவிட்டு உள்ளே கை விட்டேன். பாறை.

ஓவர்சீயர் வெளியூர்க்காரர். சாக்கைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"யோவ், மிஷினுக்குக் குளிருதுன்னா போத்தி விட்ட?"

"இல்லீங்க சாமி. காஞ்சு போயிருமேன்னு..."

"நாளைக்குத் தளம். பெரிய இன்ஜினியர் வந்து நிப்பாரு. அவ்வளவையும் கையால கலக்க ஆள் இல்ல. சாயங்காலத்துக்குள்ள இது சுத்தலன்னா நீயும் உன் சம்சாரமும் மூட்டையக் கட்டுங்க. மேஸ்திரி, நீங்களுந்தான்."

ஊருக்குத் திரும்பினால் குடிக்கக்கூடக் கிணற்றில் தண்ணீர் இல்லை. உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு டிரம்முக்குள் ஏறினேன்.

ஓங்கி அடிக்கக் கூடாது, தகடு நசுங்கிவிடும். சின்னச் சின்னதாகத் தட்டினேன். ஒவ்வொரு தட்டுக்கும் காதுக்குள் கோயில் மணி அடித்தது. மேஸ்திரி வந்து எட்டிப் பார்த்தார்.

"வெளிய வாப்பா. வேற ஆள எறக்கறேன்."

"வேண்டாமுங்க மாமா. இது நான் வெச்ச கல்லு. நானே எடுக்கறேன்."

மத்தியானம் செல்லாயி கம்மங்கூழோடு வந்தாள்.

"ஏனுங்க, உள்ளதான் இருக்கீங்களா? இல்ல, நீங்களும் கெட்டியாயிட்டீங்களா?"

"கூழக் குடு. பேசாத."

"நேத்துக் காட்டறப்ப நல்லாப் பேசுனீங்க."

அப்படிச் சொன்னவள்தான், நான் பெயர்த்துப் போட்டதையெல்லாம் கூடை கூடையாக அள்ளிக் கொட்டினாள்.

பொழுது சாய எஞ்சினை ஓட்டினார்கள். டிரம் சுற்றியது. உள்ளே ஏதோ கடகடவென்றது. ஓவர்சீயர் முகம் சுளித்தார். அவர் வாய் திறப்பதற்குள், எஞ்சினை நிறுத்தச் சொல்லி மறுபடி உள்ளே போனேன். தகட்டு இடுக்கில் ஒரு கட்டி. அதையும் எடுத்தேன். இந்தத் தடவை சுத்தமாகச் சுற்றியது. நான் தலை முதல் கால் வரை சாம்பல் நிறம்.

"இப்பிடியே ஊட்டுக்கு வராதீங்க, புள்ளைக பயந்துக்கும்" என்றாள் செல்லாயி.

ஓவர்சீயர் டிரம்முக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு மேஸ்திரியிடம் சொன்னார்: "மிஷின்காரருக்குக் காய்ச்சல் விடல. நாளைக்கு இவனே நிக்கட்டும். உசிரு போனாலும் ஒரு பிடி கலவைய மிச்சம் வைக்க மாட்டான்."

நான் தெரிந்துகொண்டது இதுதான். சுண்ணாம்பு நமக்காகக் காத்திருக்கும். சிமெண்டில் தண்ணீர் பட்டுவிட்டால், அதன் பின்னால் நாம்தான் ஓட வேண்டும். கடைசிக் கலவை இறங்கியதும் ஜல்லியும் தண்ணீரும் போட்டு டிரம்மைச் சுற்ற விடுங்கள். சோறு அப்புறம்.

மறுநாள் பாதித் தளம் போட்டிருக்கும்போது வானம் கறுத்தது. பெரிய இன்ஜினியர் நேராக என்னிடம் வந்து...

"மேஸ்திரி, கதைய நிறுத்திப்போட்டு வாங்க. டிரம்முல தண்ணி ஊத்தியாச்சுங்க."

வாரேன், வாரேன். இப்போது இங்கே மேஸ்திரி நான்தான். எழுதுகிறவரே, பேனாவை மூடுங்கள். தண்ணீர் ஊற்றிவிட்டார்களாம்.