வாய் மட்டுமே நினைவிருந்த ஒருவருக்காக

அண்ணாமலையாரை நம்பி வாழும் உங்கள் முன் இதைச் சொல்ல ஓராண்டாகத் தயங்கினேன். நடந்தது இன்னும் எனக்கே முழுதாக விளங்கவில்லை. விளங்கியவரை சொல்கிறேன்.

சென்ற ஆண்டு நான் பல் மருத்துவப் படிப்பின் இறுதியாண்டில் இருந்தேன். கல்லூரி வெளியூரில், வீடு திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில். மாசிப் பௌர்ணமியன்று எங்கள் கல்லூரி கிரிவலப் பாதையில் ஓர் இலவசப் பல் முகாம் நடத்தியது. உள்ளூர்ப் பெண் என்பதால் ஒரு மேசையை என்னிடமே விட்டார்கள். பிற்பகலுக்குள் வரிசை சாலைவரை நீண்டுவிட்டது. அந்த அவசரத்தில் காவி உடுத்திய ஒருவர் வந்து வாயைத் திறந்தார். இடது கன்னத்தின் உட்புறம் ஒரு வெள்ளைத் திட்டு. வெற்றிலை போடுபவர். சுண்ணாம்பு பட்டு வெந்திருக்கிறது என்று முடிவு செய்தேன். வெற்றிலையை விடச் சொல்லி, பூசும் மருந்து கொடுத்து அனுப்பிவிட்டேன். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

பத்து நாள் கழித்து, வாய்ப்புற்றுநோயின் தொடக்க அடையாளங்களைப் பற்றிப் பேராசிரியை வகுப்பெடுத்தார். வெள்ளைத் திட்டைக் கண்டால் முதலில் காஸ் துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். துடைத்தும் போகாமல், இரண்டு வாரத்தில் ஆறாமலும் இருந்தால் சதைத் துணுக்கு எடுத்துச் சோதிக்க வேண்டும். எனக்குத் தெரியாத பாடமல்ல. ஆனால் அன்று நான் துடைக்கவில்லை. திரும்ப வரச் சொல்லவும் இல்லை.

முகாமின் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். பெயர்: சாமி. ஊர்: கிரிவலப் பாதை. என் கையெழுத்துதான். எங்கள் ஊரில் காவி உடுத்தியவரைச் சாமி என்றே அழைப்போம். பெயர் கேட்பது மரியாதையில்லை என்று வளர்ந்தவள் நான். அதைவிடக் கொடுமை, அவருடைய முகம் எனக்கு நினைவில்லை. மேல் இடப்பக்கம் பாதி உடைந்த பல், அதன் ஓரத்துக் கறை, திட்டின் வடிவம், எல்லாம் கண்ணிலேயே நின்றன. விளக்கு வெளிச்சத்தில் நான் பார்த்தது வாயை மட்டும்தான்.

சொல்வதா, மறைப்பதா என்று தடுமாறினேன். சொன்னால், தேர்வு நெருங்கும் வேளையில் பேராசிரியையின் நம்பிக்கையை இழப்பேன். முகாமில் தவறு நடந்தது என்று பரவினால் அடுத்த முகாமுக்கு வர ஏழைகள் அஞ்சுவார்கள். இப்படிப் பொதுநலத்தையே என் பயத்துக்குப் போர்வையாக்கிக் கொண்டேன். ஞாயிறு காலையில் மலையைச் சுற்றினேன். பாதையிலுள்ள எட்டு லிங்கங்களில் எமன் பெயர் கொண்ட எம லிங்கத்தின் முன் நிற்கத் துணிவில்லாமல் வேகமாகக் கடந்தேன். மற்ற சந்நிதிகளில் எல்லாம் ஒரே வேண்டுதல்: அவரை என் கண்ணில் காட்டு, யாருக்கும் தெரியாமல் காட்டு. காவி கண்ட இடமெல்லாம் நின்று பார்த்தேன். எல்லார் வாயும் மூடியிருந்தது.

அடுத்த ஞாயிறும் அப்படியே போயிற்று. பாதையோரம் உட்கார்ந்து அழுதேன். மலையைப் பார்த்து என்ன கேட்பதென்றே தெரியவில்லை. அவருக்காக வேண்டுகிறேனா, எனக்காகவா? கடைசியில், "எனக்கு என்ன ஆனாலும் ஆகட்டும், அவர் பிழைக்கணும்" என்று மட்டும் சொன்னேன். சொன்ன பிறகும் மனம் இலகுவாகவில்லை. ஆனால் மறுநாள் காலை பேராசிரியையின் அறை வாசலில் நின்றேன்.

"காஸ் வச்சு துடைச்சுப் பாத்தியா?"

"இல்ல மேடம்."

"பேரு?"

"சாமினு எழுதிட்டேன்."

பதிவேட்டை வாங்கிப் பார்த்தார். "அங்க காவி கட்டின எல்லாரும் சாமி, எல்லாருக்கும் ஊர் கிரிவலப் பாதை. நீ நோயாளிய எழுதலம்மா, ஊரையே எழுதி வச்சிருக்க." நெடுநேரம் திட்டினார். பிறகு அலமாரியைத் திறந்து காஸ், வாய்க்கண்ணாடி, டார்ச் எல்லாம் எடுத்துக் கொடுத்தார். "போய்த் தேடு. கெடைச்சா நேரா என்கிட்ட கூட்டிட்டு வா."

அந்த வாரம் கிரிவலப் பாதையில், செங்கம் சாலைப் பக்கம் ஒரு டீக்கடையருகே உட்கார்ந்திருந்த சாமியார்களிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"எந்த சாமிம்மா? இங்க நானும் சாமி, டீ ஊத்தறவரும் எனக்குச் சாமி" என்றார் ஒருவர்.

"மேல் பல்லு ஒண்ணு பாதி உடைஞ்சிருக்கும்ங்க."

"ஆளு எப்படி இருப்பாரு?"

"தெரியலைங்க."

அவர் குலுங்கிச் சிரித்தார். "ஊர்ல எல்லாரும் மூஞ்சியப் பாத்து ஆளைத் தேடுவாங்க. நீ பல்லைப் பாத்துத் தேடறியே! மாடு வாங்க வந்தவ மாதிரி இருக்கு. சரி, என்னுதையும் பாத்துடு. விலை எவ்வளவு போவும்னு சொல்லு."

வேடிக்கையாகத்தான் வாயைத் திறந்தார். நாக்கின் ஓரத்தில் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு திட்டு இருந்தது. துடைத்தேன். போகவில்லை. மறுபடி துடைத்தேன்.

"வலிக்குதுங்களா?"

"ஒரு வலியும் இல்ல. உன் வேலையப் பாத்துக்கிட்டுப் போம்மா."

மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். "ஒருத்தரைத் துடைக்காம அனுப்பிட்டேன் சாமி. உங்களையும் விட்டுட்டுப் போனா அப்புறம் நான் படிச்சு என்ன பிரயோஜனம்?"

அவர் சிரிப்பை நிறுத்தினார். மறுநாள் என்னோடு பேருந்தில் வந்தார். சோதனையில் புற்றுநோயின் தொடக்கம் என்று தெரிந்தது. பேராசிரியையே பேசி, சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையில் சேர்த்தார். நாக்கின் ஓரத்தில் சிறு பகுதியை எடுத்தார்கள். இன்றுவரை நோய் திரும்பவில்லை. பேச்சு கொஞ்சம் குழறுகிறது. கேலி மட்டும் கம்மியாகவில்லை.

ஆனாலும் நான் வேண்டிக்கொண்ட மனிதர் கிடைக்கவில்லையே? சித்திரையில் அவரே வந்தார். சிகிச்சை முடிந்து திரும்பிய டீக்கடைச் சாமியார் என் தேடலை வழியெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறார். அது இவர் காதுக்கும் எட்டியிருக்கிறது. விசாரித்துக்கொண்டு வந்து, எங்கள் வீட்டு வாசலில் நின்று வாயைத் திறந்து காட்டினார். அதே உடைந்த பல். கன்னத்தின் உட்புறத்தில் எதுவும் இல்லை. பேராசிரியையும் பார்த்து உறுதி செய்தார்.

"நீதானேம்மா வெத்தலைய விடச் சொன்ன? விட்டுட்டேன். நாலஞ்சு நாள்ல ஆறிப்போச்சு. இதுக்கா அழுதுக்கிட்டுத் திரிஞ்ச?"

அப்படியானால் அன்று சுண்ணாம்பு என்று நான் முடிவு செய்தது சரிதான். துடைக்காமல் முடிவு செய்தது தவறு, முடிவு சரி. நோயே இல்லாத ஒருவருக்காக நான் அழுதேன். நோய் இருப்பதே அறியாத ஒருவர் பிழைத்தார். என் வேண்டுதல் உடனே பலித்திருந்தால், இவரைக் கண்ட நிம்மதியில் வீட்டுக்குப் போயிருப்பேன். டீக்கடைச் சாமியாரின் வாயை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். எனக்கு மறுக்கப்பட்டதா, கொடுக்கப்பட்டதா? எத்தனை முறை யோசித்தாலும் தெளியவில்லை. நன்றி மட்டும் பெருகுகிறது.

இப்போது பட்டம் பெற்றுவிட்டேன். மாதத்தில் இரண்டு ஞாயிறு அந்தப் பாதையில் அமர்ந்து, வருகிறவர்களின் வாயைப் பார்க்கிறேன். அவசரப்படுவதில்லை. எம லிங்கத்தின் முன்னும் இப்போது நிற்கிறேன்.

உங்களில் யாரேனும் ஒருவருக்காக மன்றாடி, பதில் வராமல் சோர்ந்திருக்கலாம். அன்பு கூர்ந்து நிறுத்திவிடாதீர்கள். தெளிவில்லாமலேயே வேண்டுங்கள், வேண்டிவிட்டு, உங்களால் செய்யக்கூடியதைச் செய்யப் புறப்படுங்கள். அந்த வேண்டுதல் யாரிடம் போய்ச் சேரும் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. போய்ச் சேரும்.