நாலு கதவும் நான் அடைத்த பன்னிரண்டு ஓட்டைகளும்

1. முதல் கார்

கார்களுக்குத் துரு பிடிக்காமல் அடியில் கறுப்புக் கோட்டிங் அடிக்கும் வேலையில் என் ஆயுளில் பாதி போயிற்று. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்த மெட்டீரியல் நல்லது என்றுதான். அது கிடக்கட்டும். முதல் காரிலேயே நான் அடித்த கூத்தைக் கேளுங்கள். மெட்டீரியலைப் பற்றி அப்புறம் பேசலாம்.

எண்பதுகளின் நடுவில் ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் காதர் பாயின் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தேன். அதற்கு முன்னால் ஆறு வருஷம் தண்ணீர் டேங்க் செய்யும் ஷெட் ஒன்றில் வெல்டர். அந்த ஷெட்டை மூடிவிட்டார்கள். அப்போதுதான் மனைவியைப் பாலக்கோட்டிலிருந்து கூட்டிவந்து வாடகை வீட்டில் குடிவைத்திருந்தேன். மாமனார் வேறு, ஓசூரில் மாப்பிள்ளைக்கு நிரந்தர வேலை என்று ஊர் முழுக்கத் தமுக்கு அடித்து வைத்திருந்தார். வேலை போனதை அவரிடம் நான் சொல்லவில்லை. சொல்லும் தைரியம் எனக்குக் கிடையாது.

காதர் பாய் தங்கமான மனுஷன். வாயைத் திறந்தால்தான் பட்டாசு. முதல் நாளே சொல்லிவிட்டார்.

"இதோ பாருப்பா கோவிந்தா. நம்ம ராவ் சார் இருக்காரே, ஃபேக்டரி மேனேஜரு, அவரோட அம்பாசிடர் இன்னிக்கு வருது. அந்த ஃபேக்டரில மொத்தம் ஒம்பது காரு. இது ஒண்ணு மழைக்குத் தாங்கிடுச்சுன்னா மிச்ச எட்டும் நமக்குத்தான். உனக்கும் வேலை நிரந்தரம். ஏதாச்சும் கம்ப்ளெயின்ட்டு வந்துச்சு, நேரா பாலக்கோடு பஸ்ஸப் புடிச்சுக்க."

காரைக் குழியின் மேல் நிறுத்த வேண்டும். கீழே இறங்கித் தண்ணீர் அடித்துச் சேற்றைக் கழுவி, வயர் பிரஷ் போட்டுத் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, அது காய்ந்ததும் கறுப்புக் கோட்டிங். இவ்வளவுதான் வேலை. பாய் எல்லாவற்றையும் ஒரு முறை காட்டிக் கொடுத்துவிட்டு, தொரப்பள்ளிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

ரெட் ஆக்சைடு அடிக்கும்போதுதான் கதவுகளின் அடி விளிம்பைக் கவனித்தேன். எனக்குப் பகீரென்றது. ஒரு கதவுக்கு மூன்று ஓட்டை. நாலு கதவுக்கும் சேர்த்துப் பன்னிரண்டு! அடப்பாவிகளா, இத்தனை ஓட்டையோடா காரை விற்கிறார்கள் என்று வாய்விட்டே திட்டினேன். ஆறு வருஷம் டேங்க் செய்த கை இது. ஓட்டையைக் கண்டால் சும்மா இருக்காது. ரோட்டுத் தண்ணீர் இதன் வழியாகத்தானே உள்ளே ஏறித் துரு பிடிக்க வைக்கும்? பன்னிரண்டையும் பட்டி வைத்து அடைத்தேன். காய்ந்ததும் நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். அதற்கு மேல் கறுப்பு இரண்டு கோட். டேங்க் ஷெட் மேஸ்திரி பார்த்திருந்தால் கட்டிப்பிடித்திருப்பார்.

திரும்பி வந்த பாய் குனிந்து பார்த்து, "பரவால்லியே, சுத்தமா இருக்கே" என்றார். ஓட்டை அடைத்ததை அவரிடம் சொல்லவில்லை. வேலை நிரந்தரமான பிறகு சொல்லித் தனியாக ஒரு பாராட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன்.

2. செக்போஸ்ட்

அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. கெலவரப்பள்ளி அணையில் தண்ணீர் தளும்புகிறது என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். எனக்கு ஒரே குஷி. பெய்யட்டும், ராவ் சார் கார் அப்படியே புதுசாக நிற்கும் என்று வீட்டில் பீற்றிக்கொண்டேன்.

எட்டாவது நாள் காலையில் ஒரு கான்ஸ்டபிள் பைக்கில் வந்து இறங்கினார்.

"யாருய்யா இங்க கார் கதவுக்குள்ள சரக்கு வெச்சுக் குடுக்கறது?"

பாய் என்னைப் பார்த்தார். நான் பாயைப் பார்த்தேன்.

"சரக்கா? இது துரு புடிக்காம கோட்டிங் அடிக்கிற எடங்க" என்றார் பாய்.

"அதெல்லாம் செக்போஸ்ட்ல வந்து ஏட்டய்யாகிட்ட சொல்லு. வண்டில ஏறு, ரெண்டு பேரும்."

போன பிறகுதான் விஷயம் தெரிந்தது. ராவ் சார் பெங்களூரிலிருந்து மாமியாரைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். அந்தக் காலத்தில் கர்நாடகா பக்கமிருந்து சாராயம் கடத்துகிறவர்கள் ஸ்டெப்னிக்குள்ளும் சீட்டுக்கு அடியிலும் ஒளித்து எடுத்து வருவார்கள். அதனால் எல்லையில் எல்லா வண்டியையும் சோதிப்பார்கள். ஏட்டு கதவைத் திறந்திருக்கிறார். உள்ளே 'சலக் புளக்' என்று சத்தம். அடுத்த கதவைத் திறந்தால் அதிலும். நாலு கதவிலும் அதே சத்தம். கடைசியாகக் காரில் கைவைத்தது காதர் பாய் கடைதான் என்று ராவ் சார் சொல்லியிருக்கிறார். தன் சர்வீஸில் இவ்வளவு நேர்த்தியாக யாரும் ஒளித்ததில்லை என்று ஏட்டு எங்களிடமே மெச்சிக்கொண்டார்.

வழி நெடுக அந்தச் சத்தத்தை ராவ் சாரும் கேட்டிருக்கிறார். மாமியார் மடியில் இருந்த கூஜா என்று நினைத்தாராம். மாமியாரோ, மாப்பிள்ளைக்கு வயிறு சரியில்லை போல என்று நினைத்துக் கேட்காமல் விட்டாராம்.

ராவ் சார் பெஞ்சில் உட்கார்ந்து, தமிழும் கன்னடமுமாக அழாத குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "நான் மேனேஜர்ரீ! டெய்லி பூஜை பண்றவன்ரீ!"

காருக்குள் இருந்த மாமியார் தலையை வெளியே நீட்டி, "எஷ்டு தினதிந்தா?" என்று அதட்டினார். எத்தனை நாளாக இந்தத் தொழில் நடக்கிறது என்று கேட்கிறார்! போலீஸ்காரரைவிட அந்த அம்மாள்தான் முதலில் நம்பியிருந்தார்.

நான் ஒரு கதவை அசைத்துப் பார்த்தேன். டேங்க்காரனுக்கு அந்தச் சத்தம் தெரியாதா? அரை டேங்க் தண்ணீர். எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. மழை பெய்தால் ஜன்னல் கண்ணாடியின் ஓரமாகத் தண்ணீர் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். அது வெளியே போவதற்காகவே அடியில் ஓட்டை விட்டிருக்கிறார்கள். அதைத்தான் நான் உடும்புப்பிடியாக அடைத்து வைத்திருந்தேன்.

"ஐயா, அது வெறும் மழைத்தண்ணிங்க. நான்தான் ஓட்டைய அடைச்சிட்டேன்."

பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். "எந்த ஓட்டையடா?"

"பன்னெண்டையும் பாய்."

"யா அல்லா! ஒண்ணாச்சும் விட்டிருக்கக் கூடாதா?"

"இல்ல பாய். சுத்தமா அடைச்சேன்."

ஏட்டு ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்தார். படுத்துக்கொண்டு ஒரு ஓட்டையைக் குத்தினேன். பீறிட்டு வந்ததை டம்ளரில் பிடித்தார்கள். எட்டு நாளில் உள்ளே துரு பிடித்து, தண்ணீர் பிராந்தி நிறத்தில் இருந்தது. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஏட்டு மோந்து பார்த்தார்.

"ஸ்பிரிட்டு வாசன அடிக்குதே?"

"கோட்டிங்ல கலக்கற தின்னருங்க அது."

"புடிபட்டவன் எல்லாம் இப்பிடித்தான் ஒரு பேர் சொல்லுவான். தண்ணின்னா நீயே குடி."

குடித்தேன். வேறு வழி? பழைய ஆணியை மண்ணெண்ணெயில் ஊறவைத்துச் சப்பியது போல இருந்தது. எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னய்யா, ஏறுதா?"

"தொண்டையிலயே நிக்குதுங்க."

விட்டார்கள் என்று நினைக்கிறீர்களா? மிச்சம் மூன்று கதவு இருக்கிறதே! ஒவ்வொன்றிலும் ஒரு மடக்கு. கடைசிக் கதவு முடிந்ததும் ரோட்டு ஓரமாக நேராக நடந்து காட்டச் சொன்னார்கள். நடந்தேன். மாமியார் திரும்பி நடக்கச் சொன்னார். அதுவும் நடந்தேன். அதற்குப் பிறகுதான் ஏட்டு சிரித்துவிட்டு வண்டியை விடச் சொன்னார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாமனாருக்கு என்ன பதில் சொல்வது என்றே ஓடிக்கொண்டிருந்தது. ராவ் சார் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டேன். அவர் பாயிடம் திரும்பினார்.

"மிச்ச எட்டு காரும் அனுப்பறேன் பாய். ஆனா கோட்டிங் இவரேதான் அடிக்கணும்."

"சார், இவனா? வேற நல்ல ஆளாப் போடறேன் சார்!"

"வேண்டாம்ரீ. வேற ஆளு மறந்து ஓட்டைய அடைச்சிடுவான். இவரு அடைக்கமாட்டாரு. குடிச்சிருக்காரல்லா."

அப்படித்தான் எனக்கு வேலை நிரந்தரமானது. தண்ணீர் எப்படியும் உள்ளே வரும்; வந்தது வெளியே போக முடியாமல் நின்றால்தான் துரு. கோட்டிங் அடித்து முடித்ததும் ஜன்னல் ஓரமாகக் கதவுக்குள் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். உங்கள் காலில் வந்து விழுந்தால் வேலை சரி. விழவில்லை என்றால், ஒரு டம்ளர் எடுத்துக்கொண்டு வாருங்கள். எப்படிக் குடிப்பது என்று நான் சொல்லித் தருகிறேன்.