மேசைக் கண்ணாடியின் அடிப்பக்கம்

காலை ஆறு மணி பத்து நிமிடம். துடைப்பதற்காக வாயால் ஊதிய இடத்தில் முதலில் தெரிந்தது, தபால்தலையைவிடச் சற்றுப் பெரிய ஒரு செவ்வகம். அதற்குள் மட்டும் மூச்சின் ஈரம் வேறு மாதிரிப் படிந்திருந்தது. மறுபடி ஊதினேன். தலைமுடியின் விளிம்பு, இடது காது, சட்டைக் காலர். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை.

இறந்துபோன என் அண்ணனின் நெல் மண்டி மேசைக் கண்ணாடி அது. டெலஸ்கோப்புக்கு ஆறு அங்குலக் குழியாடி தேய்த்துச் செய்ய, கனமான கண்ணாடி தேடிக்கொண்டிருந்தேன். கும்பகோணத்தில் கிடைத்த கனத்த துண்டுகள் எல்லாம் சூடேற்றி இறுக்கியவை, அறுத்தால் சிதறிவிடும். அண்ணனுடையது பழையது, பத்தொன்பது மில்லிமீட்டர். லேப்டாப்பின் வெள்ளைத் திரைக்கு முன்னால் அதை நிறுத்தி, போலராய்டு கூலிங்கிளாஸ் வழியாகப் பார்த்தேன். கூலிங்கிளாஸைத் திருப்பினால் திரை கறுத்துவிடும். கண்ணாடிக்குள் இறுக்கம் உள்ள இடம் மட்டும் வெளுத்து நிற்கும். ஓரமெல்லாம் வெளுப்பு. நடுவில் பணப்பெட்டி விழுந்து பெயர்ந்த சில்லு. வலது பக்கம் ஒரு சாண் இடம்தான் சுத்தமாகக் கறுத்தது. செவ்வகம் அங்கேதான் இருந்தது.

யாருடைய படம் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. மண்டி மேசைக் கண்ணாடிக்கு அடியில் சாமி படம், லாரி ஆபீஸ் கார்டு, பிள்ளைகளின் பாஸ்போர்ட் சைஸ் படம் எல்லாம் செருகியிருப்பார்கள். அண்ணனின் ஒரே மகன், இருபது வயதில், திருவாரூர் பஸ் ஏறிப் போனவன் திரும்பவில்லை. மூன்றாம் நாள், நான் வேலை பார்த்த பத்திரிகையில் ‘காணவில்லை’ போடுவதற்காக நான்தான் அந்தப் படத்தை எடுத்தேன். கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது, பிளேடால் நெம்பினேன். “ரெண்டு நாள்ல தந்துடுறேன் அண்ணி” என்றேன். பின்பக்கம் பென்சிலால் ‘ஒரு பத்தி’ என்று அளவு எழுதி அச்சுக்கு அனுப்பினேன். அச்சான படங்களைத் திருப்பி வாங்கும் வழக்கம் எங்கள் அலுவலகத்தில் இல்லை. பெரியவனான பிறகு அவன் எடுத்துக்கொண்ட படம் அது ஒன்றுதான்.

அண்ணி காபியோடு வந்தார். நான் ஊதிக் காட்டினேன். ஈரம் மறையும்வரை பார்த்தார். பிறகு டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு, குனிந்து அவரே ஊதினார். மூன்று முறை.

“எந்தப் பக்கம் தேய்ப்பீங்க தம்பி?”

“மேல் பக்கத்தைத்தான் அண்ணி.”

“அடிப்பக்கம்?”

“அப்படியே இருக்கும்.”

“அப்ப அறுத்துக்கங்க. இதையும் பேப்பர் ஆபீசுக்குக் கொண்டு போயிடாதீங்க.”

கும்பகோணத்துக் கடைக்காரர், தண்ணீர் ஊற்றிக்கொண்டே வட்டமாக அறுக்கும் மிஷினில் கண்ணாடியை ஏற்றினார். எதற்கு என்று கேட்டார். நிலாவைப் பார்க்க என்றேன்.

“இந்த வயசுல அங்க போயா சார் பொண்ணு பாக்கப் போறீங்க?”

முக்கால் மணி நேரத்தில் வட்டம் பெயர்ந்து வந்தது. ஈரத்தைத் துணியால் ஒற்றிவிட்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தவர் இன்னொரு துணியைத் தின்னரில் நனைத்தார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன்.

“என்ன சார், அடியில கறை இருக்கு. ஒரு இழுப்புல போயிடும்.”

“இருக்கட்டும்.”

“உங்க இஷ்டம். அழுக்கு நிலாவாத் தெரிஞ்சா என்னைக் கேக்கக் கூடாது.”

பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். குடமுருட்டிப் பாலம் தாண்டியதும் ஜன்னல் பக்கம் திரும்பி ஒருமுறை ஊதினேன். காலர் இருந்தது. காது இருந்தது.

வீட்டில், தேய்ப்பதற்கான கார்போரண்டம் பொடியை எடுத்து வைத்தேன். அண்ணி கைநீட்டி வட்டத்தை வாங்கி, ஒரு துண்டில் சுற்றினார்.

“ரெண்டு நாள் வச்சிருந்துட்டுத் தரேன் தம்பி.”

ஆற்றில் தண்ணீர் வந்து அன்று நான்காவது நாள். இப்போது சம்பா அறுவடையும் முடிந்துவிட்டது. வட்டம் இன்னும் அண்ணியிடம்தான் இருக்கிறது.