பானையில் வளர்ந்த நெல்

எனக்குக் கோவையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஒன்றை எழுதும்போது இன்னொன்று மறந்துபோகிறது. மறந்தது நாலு வரி தள்ளி ஞாபகத்துக்கு வருகிறது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இப்போது பிள்ளைகளுக்குச் சேமிப்பு, வட்டி, வங்கி என்றெல்லாம் சொல்லிக்கொடுக்கிறார்கள். வகுப்பிலேயே ஓர் அட்டைப்பெட்டியை வைத்து, வங்கி என்று எழுதி ஒட்டி, காகிதப் பணத்தைப் போட்டு எடுத்துப் பழகுகிறார்களாம். ஆண்டு மலருக்கு, "உங்க காலத்துல எப்படிச் சேத்தீங்கன்னு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்கம்மா" என்று பெரிய டீச்சர் வீட்டுக்கே வந்து கேட்டார். நான் நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவள். ஒன்பது வயதில் நானும் ஒரு வங்கி நடத்தினேன், அதைத் தண்ணீரில் ஊறப்போட்டேன் என்பதை எப்படிச் சொல்வது என்று மூன்று நாள் யோசித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

பாபநாசத்துக்குக் கிழக்கே, வாய்க்கால் ஓரத்தில் எங்கள் வீடு. அப்பாவும் அம்மாவும் நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போகிறவர்கள். கூலி நெல்லாகத்தான் வரும். தை, மாசியில் அறுப்பு முடிந்த வயலில் உதிர்ந்து கிடக்கும் கதிரைப் பிள்ளைகள் பொறுக்கிக்கொள்ளலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். அப்படிப் பொறுக்கிய நெல் பிள்ளைக்கே சொந்தம். வீட்டில் அடுப்பு எரியாத நாளில்கூடப் பெரியவர்கள் அதில் கை வைக்க மாட்டார்கள். அது எங்கள் பக்கத்து வழக்கம்.

மற்றப் பிள்ளைகள் பொறுக்கிய நெல்லை அன்றைக்கே தின்று தீர்த்துவிடுவார்கள். கமர்கட்டும் பேரீச்சம்பழமும் கூடையில் வைத்துக்கொண்டு ஒருவர் வரப்போடு வருவார். ஒரு கை நெல்லுக்கு ஒரு கமர்கட்டு. எனக்கு மட்டும் ஆடித் திருவிழாவில் கண்ணாடி வளையல் வாங்க வேண்டும் என்று ஆசை. அதனால் காலால் மிதித்து உதிர்த்த நெல்லை ஒரு மண்பானையில் போட்டு, எவ்வளவு இருக்கிறது என்று தெரிவதற்காகப் பானையின் உள்பக்கம் கரியால் ஒரு கோடு இழுத்து வைத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை திறந்து பார்க்கிறேன், நெல் கோட்டுக்கு மேலே ஒரு விரற்கடை ஏறி நிற்கிறது. நான் அந்த வாரம் ஒரு மணியும் போடவில்லை. புதுக்கோடு இழுத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை அதையும் தாண்டிவிட்டது. அறுப்பு வேலைக்காக எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்த சின்ன மாமாவிடம் ஓடினேன். அவர் எதையும் சிரிக்காமல் சொல்லுகிற ஆள்.

"தொடாம வச்ச நெல்லு வளரும்டி. உனக்கு அது தெரியாதா?"

"நெசமாவா மாமா?"

"பின்ன? பணக்காரங்க வீட்டுல எப்படி வளருதுன்னு நெனச்ச?"

எனக்கு அது மிகவும் நியாயமாகப் பட்டது. பண்ணை வீட்டில் நெல் கொட்டிவைக்கும் குதிரில் யாருமே கை வைப்பதில்லை, அது எப்போதும் நிரம்பித்தான் இருக்கிறது.

இந்த அதிசயத்தை அத்தை மகளிடம் மட்டும் சொன்னேன். அவள் என்னைவிட ஒரு வயது மூத்தவள், வாய்க்காரி. மறுநாள் அவளே இரண்டு படி நெல்லோடு வந்தாள். "என்னுதையும் உன் பானையில போடு. திருவிழா அன்னிக்கு மூணு படியாக் குடு" என்றாள். அவள் வந்தால் ஊரே வந்த மாதிரி. ஒரு வாரத்துக்குள் ஏழு பிள்ளைகள் என்னிடம் நெல் போட்டார்கள். கமர்கட்டுக்காரர் எங்கள் வரப்பில் நின்று கூவிக் கூவிப் பார்த்துவிட்டு, "இந்த ஊருப் புள்ளைங்களுக்கு என்ன வந்துச்சு, வயித்து வலியா?" என்று கேட்டுப் போனார். எல்லோருக்கும் ஒரே வாக்கு கொடுத்தேன். இரண்டுக்கு மூன்று. சின்னப் பானை போதாமல் அம்மாவிடம் பெரிய பானையைக் கேட்டேன். அம்மா ஒரு வார்த்தை பேசாமல் கழுவிக் காயவைத்துக் கொடுத்தாள்.

பங்குனி வரை கோடு ஏறிக்கொண்டே இருந்தது. சித்திரையில் நின்றுவிட்டது. அறுப்பு முடிந்து சின்ன மாமா நாகப்பட்டினத்துக்கு மீன் கூடை தூக்கப் போய்விட்டார். வளர்ச்சியையும் அவர் கையோடு கொண்டுபோய்விட்டாரோ என்று எனக்குச் சந்தேகம். வைகாசியில் ஒரு மணி ஏறவில்லை. ஆனியிலும் இல்லை. பள்ளிக்கூடம் போகிற வழியில் அத்தை மகள் தினமும் கேட்பாள்.

"கோடு ஏறுச்சாடி?"

"ஏறுது, ஏறுது."

அந்த ஒரு பொய்யைச் சொல்லிச் சொல்லி எனக்குச் சோறு இறங்கவில்லை. என் பங்கு முழுவதையும் கொடுத்தால்கூட ஏழு பேருக்கும் இரண்டுக்கு மூன்று கட்டாது என்று விரல் விட்டு எண்ணித் தெரிந்துகொண்டேன். அத்தை மகள் தெருவில் நிற்கவைத்துக் கேட்டால் நான் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வேன்?

ஆடி பிறந்தது. வாய்க்காலில் தண்ணீர் வந்து, ஊரெல்லாம் சம்பாவுக்கு நாற்றங்கால் வேலை. விதைநெல் மூட்டைகளைத் தண்ணீரில் ஊறப்போட்டுக் கரையேற்றுவார்கள். போடும்போது தளர்ந்து கிடந்த மூட்டை, எடுக்கும்போது வயிறு புடைத்து நிற்கும். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற எனக்குச் சட்டென்று வழி புலப்பட்டது.

திருவிழாவுக்கு நான்கு நாள் இருந்தது. அம்மா வேலைக்குப் போன நேரம் பார்த்து, குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து பானையில் ஊற்றினேன். மறுநாள் பார்த்தால் நெல் கடைசிக் கோட்டைத் தாண்டிப் பானைக் கழுத்துக்கு வந்துவிட்டது! எனக்குக் கூத்தாட வேண்டும்போல் இருந்தது. தண்ணீரை வடித்தேன். யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று மேலே வைக்கோலைத் திணித்து, ஈரச் சாக்கைப் போட்டு மூடி, அடுப்பு ஓரமாகத் தள்ளிவைத்தேன். நெல்லை முளைகட்டுவதற்கு என்னென்ன செய்ய வேண்டுமோ அத்தனையையும் ஒன்றுகூட விடாமல் செய்திருக்கிறேன். அது தெரியாமல் வளையலுக்கு நிறம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

திருவிழா அன்று காலையில் ஏழு பேரும் ஆளுக்கொரு பாத்திரத்தோடு வாசலில் நின்றார்கள். நாகப்பட்டினத்திலிருந்து வந்திருந்த சின்ன மாமாவும் வேடிக்கை பார்க்க நின்றார். நான் பெருமையாகப் பானையை இழுத்துவந்து வைக்கோலை எடுத்தேன். ஒரு சூடு முகத்தில் அடித்தது. அத்தை மகள் கையை விட்டு அள்ளினாள், அடுத்த கணம் உதறினாள்.

"ஐயோ, புழு! நெல்லு பூரா புழுடி!"

வெள்ளை வெள்ளையாக முளை. எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். "என் நெல்லக் குடு!" "கமர்கட்டுக்காவது போட்டிருப்பேன்!" "மூணு படி தரேன்னு சொன்னியே, பொய்க்காரி!" ஒருத்தி பாத்திரத்தைக் கீழே போட்டுக் காலை உதைத்துக்கொண்டு அழுதாள். சின்ன மாமா மட்டும், "நான் வளரும்னுதானே சொன்னேன், முளைக்கும்னா சொன்னேன்?" என்று வாய்க்குள் முனகினார்.

சத்தம் கேட்டுக் கொல்லையிலிருந்து அம்மா ஓடிவந்தாள். பானைக்குள் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அடி விழப்போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. அம்மா ஒரு கை அள்ளி முகர்ந்து பார்த்தாள், முளையை விரலால் தள்ளிப் பார்த்தாள். அவள் முகம் எப்படியோ இருந்தது. எனக்காக வருத்தப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

"முளை ஒரே சீரா வந்திருக்கு" என்றாள். பிறகு பிள்ளைகளைப் பார்த்து, "வேணுங்கறவங்க இப்பவே அள்ளிட்டுப் போங்க. கோழிக்குத்தான் ஆவும். பொறுத்துக்கறவங்க இருங்க, வெதச்சுப் பாப்போம். எல்லாம் கீழ வயல்ல பொறுக்குனதுதானே, ஒரே நெல்லு" என்றாள்.

"நாத்த வச்சு வளையல் குடுப்பாங்களா அத்தை?" என்று அத்தை மகள் கேட்டாள்.

"நட வேண்டியவனுக்கு நாத்து இல்லாட்டி வளையலும் குடுப்பான், வளையல்காரனையும் குடுப்பான்."

அழுத பெண்ணே சிரித்துவிட்டாள். ஒருவரும் அள்ளிக்கொண்டு போகவில்லை. வாய்க்கால் கரைக்கும் எங்கள் கொல்லைக்கும் நடுவே ஒரு தாழ்ந்த இடம் சும்மா கிடந்தது. தண்ணீர் கட்டி, எட்டுப் பேரும் இறங்கி மிதித்துச் சேறாக்கினோம். சின்ன மாமா பலகை இழுத்துச் சமப்படுத்தினார். அம்மா விதைத்தாள். தலையிலிருந்து கால்வரை சேற்றோடு, கையில் ஒரு பைசா இல்லாமல் திருவிழாவுக்குப் போனோம். சின்ன மாமா குற்றம் செய்தவர்போல் ஒரே ஒரு பஞ்சுமிட்டாய் வாங்கித் தந்தார். எட்டு வாய்க்கு அது எவ்வளவு நேரம் நிற்கும்? ஆனால் அதற்குப் பிறகு நான் தின்ற எதுவும் அந்த ருசிக்கு வரவில்லை.

முறை போட்டுக்கொண்டு குருவி ஓட்டினோம். வாத்துக் கூட்டம் வந்த ஒரு நாள் அத்தை மகள் விளக்குமாற்றோடு போட்ட சண்டையில் மேய்ப்பவரே பயந்துபோனார். நாற்று கரும்பச்சையாக நின்றது. நடவு நடக்கும்போது கடைசி வயலுக்கு நாற்று பற்றாமல் போவது எங்கள் பக்கத்தில் வழக்கம்தான். அந்த வருஷம் கீழ வயல்காரருக்கு அரை மா நிலத்துக்குப் பற்றவில்லை. நடவில் நின்ற அம்மா நிமிர்ந்து, "எங்க வீட்டுப் புள்ளைங்ககிட்ட நாத்து இருக்குங்க" என்றாளாம்.

அவர் வந்து பார்த்தார். "சின்னப்புள்ளைங்க விட்ட நாத்தா? எவ்வளவு கேக்குறீங்க?"

அத்தை மகள் முன்னால் வந்தாள். "நாங்க போட்ட நெல்லுக்கு ரெண்டு மடங்கு. நாத்துப் பறிக்கிற கூலி தனிங்க."

அவர் சிரித்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். அம்மா சிரிக்கவில்லை. அவருக்கு நடவு நிற்கிறது, வேறு வழியில்லை. மறுநாள் நெல் வந்து இறங்கியது. ஆளுக்கு இரண்டு படிக்கு நான்கு படி அளந்து கொடுத்தேன். நான் சொன்னது மூன்றுதான் என்றாலும் யாரும் ஆட்சேபிக்கவில்லை. திருவிழாக் கடைகள் போய்விட்டதால் தெருவில் வந்த வளையல்காரரிடம் எட்டுப் பேரும் கை நிறையப் போட்டுக்கொண்டோம். எனக்குப் பச்சை வளையல். மிச்ச நெல் பானையில் பாதிக்கு மேல் இருந்தது. அத்தனையும் என்னுடைய சாமர்த்தியம் என்று நான் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

சின்ன மாமாதான் பானையில் நெல் போட்டு விளையாடினார் என்று கொஞ்சம் வளர்ந்த பிறகு நானாக முடிவுகட்டிக்கொண்டேன். அம்மா போய்ப் பல வருஷம் கழித்து, கிழவராகிவிட்ட மாமாவிடம் சிரித்துக்கொண்டே அதைக் கேட்டேன்.

"நான் ஒரு மணி போடலடி. உங்கம்மாதான் கூலி நெல்லுல தெனம் ரெண்டு கை போடுவா. உங்கப்பா கேட்டவனுக்கெல்லாம் அள்ளிக் குடுக்குற மனுஷன். புள்ள பொறுக்குன நெல்லுன்னா அவரும் தொட மாட்டாரு. அடைமழைக் காலத்துக்குச் சேத்து வைக்க அவளுக்கு வேற எடம் ஏது?"

அந்தப் பானையில் அதிகம் போட்டவள் அவள்தான். சித்திரையில் கூலி நின்றதும் கோடும் நின்றது. நாற்றுப் பறித்த அன்று கீழ வயல்காரர் ஒவ்வொரு நாற்றுக் கட்டாகத் தூக்கிவைக்க, உதடு அசைய எண்ணிக்கொண்டு அம்மா கரையில் நின்றது எனக்கு இன்றும் தெரிகிறது. பிள்ளைகள் வளையலுக்காக இவள் ஏன் இப்படிப் பதறுகிறாள் என்று அப்போது நினைத்தேன். அந்தக் கார்த்திகையில் பத்து நாள் விடாமல் மழை பெய்தது. எங்கள் வீட்டில் தினமும் உலை கொதித்தது. அது எந்த நெல் என்று நான் கேட்கவில்லை.

மரக்காலுக்கு எத்தனை படி என்பதில் எனக்கு எப்போதுமே குழப்பம். அதனால் படியாகவே எழுதிவிட்டேன். ஏழு பிள்ளைகளா ஆறா என்பதை அத்தை மகளிடம் கேட்டுக்கொள்ளலாம். பாபநாசத்தில் மகன் வீட்டில் இருக்கிறாள், அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும். டீச்சர் தயவுசெய்து கணக்கைச் சரிபார்த்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ள வேண்டும். அம்மா போட்டது எத்தனை படி என்று மட்டும் அத்தை மகளுக்கும் தெரியாது.