எதிரில் வைத்த கஞ்சி

மனைவி இறந்த பின் வந்த முதல் ரமலானில், நோன்பு திறப்பதற்காகத் தென்காசியிலிருந்து குற்றாலம் செல்லும் சாலையிலுள்ள ஓர் உணவகத்துக்குப் போகத் தொடங்கினேன். மாசி மாதம். அருவிகளில் தண்ணீர் இல்லை. வெளியூர்க் கூட்டமும் இல்லை. நோன்பாளிகளை நம்பியே அங்கு மாலையில் அடுப்பு எரிந்தது. உரிமையாளர் வளைகுடாவிலிருந்து திரும்பியவர். ஒரு காலத்தில் கல்லூரியில் என்னிடம் படித்தவர்.

முதல் சில நாள்கள், மீந்த கஞ்சியும் வடையும் கொல்லைப்புறத்துப் பீப்பாயில் கொட்டப்படுவதைக் கண்டேன். பகலெல்லாம் பசித்திருந்தவர்கள் கண்ணின் ஆசைக்கு வாங்கிவிடுகிறார்கள். தண்ணீரும் இரண்டு மிடறு கஞ்சியும் உள்ளே இறங்கியதும் கை நின்றுவிடுகிறது. எத்தனை பேர் வருகிறார்கள் என்பதைப் பிற்பகல் அஸர் தொழுகைக்குள் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு சமைக்கலாம், கஞ்சியை அரைக் கிண்ணம் ஊற்றிவிட்டு, வேண்டுபவர்களுக்கு மறுபடி ஊற்றலாம் என்று யோசனை சொன்னவன் நான்தான்.

"கல்யாண வீட்டுக்குத் தலை எண்ணுத மாதிரில்லா இருக்கு!" என்று வாடிக்கையாளர்கள் கேலி செய்தார்கள். ஆனாலும் மறக்காமல் அழைத்துச் சொன்னார்கள்.

நானும் சொன்னேன். "இரண்டு பேர்."

முதல் நாள் அது வாய் தவறி வந்தது. நாற்பது ஆண்டுப் பழக்கம். எனக்கு எதிரிலும் ஒரு கிண்ணம் வைத்துவிட்டுப் போனார்கள். அவள் வடையைப் பிய்த்துக் கஞ்சியில் ஊறப்போட்டு நிதானமாகக் குடிப்பாள். அவள் குடித்து முடிக்கும்வரை காத்திருப்பது என் வழக்கம். அன்றும் காத்திருந்தேன். இரண்டாம் நாளும் இரண்டு பேர் என்றேன். அதை வாய் தவறியது என்று கூற முடியாது.

அதன் பின் தினமும் உரிமையாளர் என் மேசையில் இரண்டு கிண்ணம் வைக்கச் செய்தார்.

பன்னிரண்டாம் நோன்பன்று, கை கழுவப் பின்னால் போன ஜவுளி வியாபாரி ஒருவர் திரும்பி வந்து, கல்லாவருகே நின்று உரக்கப் பேசினார்.

"பீப்பாய் காலியாத்தான் கெடக்கு, பாய். ஆனா ஒரு கிண்ணம் மட்டும் தெனமும் தொடாமக் கொட்டுதீங்களே, எவரு அந்த மகராசன்?"

"அது எனக்குள்ளது, அண்ணாச்சி. வேலை மும்மரத்துல மறந்துருதேன்" என்றார் உரிமையாளர்.

"நல்லாருக்குவே! ஊருக்கெல்லாம் அளந்து ஊத்துதீரு, ஒமக்கு மட்டும் வீணாக்க உரிமை உண்டோ?"

பக்கத்து மேசைகள் சிரித்தன. உரிமையாளரும் சிரித்தார், என் பக்கம் திரும்பாமல். எனக்காக ஒருவர் நோன்பு மாதத்தில் பொய் சொன்னார். நான் அதைக் கேட்டுக்கொண்டு வாய் திறவாமல் அமர்ந்திருந்தேன். வீட்டுக்கு நடந்து வந்த வழியெங்கும் அந்த மௌனமே என்னை உறுத்தியது.

மறுநாள் அஸருக்கு முன் அழைத்தேன்.

"அஸ்ஸலாமு அலைக்கும், சார். வழக்கம்போலத்தானே?"

"இல்லை. ஒருவர்."



"சரி, சார்" என்றார்.

அன்று மாலை கூட்டம் அதிகம். நோன்பு திறக்கும் நேரத்துப் பாங்குக்குச் சற்று முன்பு, அடுத்த மேசையில் அமர வந்த குடும்பத்துக்கு ஓர் இருக்கை குறைந்தது. பரிமாறுபவர் என் எதிர் நாற்காலியின் மீது கை வைத்தார்.

"இங்கன யாராவது வருதாகளா, சார்?"

"யாரும் இல்லை. எடுத்துக்கொள்ளுங்கள்."

அதற்கு முன் எவரிடமும் நான் அப்படிச் சொன்னதில்லை. அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனார். பாங்கு ஒலித்தது. கஞ்சியைக் கடைசிவரை குடித்தேன்.